அந்தமான் சிறையில் ஒரு பகற்பொழுது

தமிழ்த்துறை மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று தருமாறு, என் முன்னாள் மாணவரும் இந்நாள் துறைத்தலைவருமாகிய அன்பர் கேட்டபோது நான் மறுத்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பயணக் கட்டுரைகள் எவ்வாறு இருக்கும் என்பதை நான் அறிவேன். முப்பத்து மூன்று ஆண்டுக்காலம் இத்துறையில் பணியாற்றியபோது எத்தனையோ மலர்களுக்கு நானே மெய்ப்புத் திருத்தியிருக்கிறேன். விமான நிலையத்தில் தொடங்கி, உணவு விடுதி வழியாகச் சென்று, கடற்கரையில் சூரியன் மறைவதோடு முடியும் கட்டுரைகள் அவை. "அழகு பார்த்த கதை வேண்டாம் ஐயா, அந்தமான் சிறையைக் கண்டு வந்தீர்களே, அதை எழுதுங்கள்" என்று அவர் வற்புறுத்தினார். அப்போதுதான் எனக்கு உண்மையான தயக்கம் பிறந்தது. அச்சிறையைப் பற்றி எழுதுவதானால், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக எவரிடமும் நான் சொல்லாத ஒன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒப்புக்கொண்டேன்.

என் மருமகன் அரசுப் பணியின் பொருட்டு அந்தமானுக்கு மாற்றலாகி, என் மகளோடும் பேத்தியோடும் அங்கே குடியிருந்தார். அவர்களைக் காண 2023 ஜனவரியில் நானும் என் துணைவியாரும் சென்றோம். அப்போது அந்நகரின் பெயர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் அதனை ஸ்ரீ விஜயபுரம் என மாற்றிவிட்டனர். நான் கண்டது பழைய பெயருடைய ஊரையே என்பதால் இக்கட்டுரையில் அப்பெயரையே ஆள்கிறேன்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மிகுதியான பயணம். காலை உணவை உண்டு முடித்து, நாளிதழைப் புரட்டி முடிப்பதற்குள் தரையிறங்கிவிட்டோம். கால் நீட்டி உட்கார இடமில்லை என்று நான் முணுமுணுத்ததாக என் துணைவியார் பின்னர் மகளிடம் குறைபட்டுக்கொண்டார். இதே கடலை 'மகாராஜா' என்னும் கப்பலின் கீழ்த்தளத்தில், காலில் விலங்கோடு, நாட்கணக்கில் கடந்தவர்கள் உண்டு. வடநாட்டார் அதனைக் 'காலாபாணி' என்றனர். நம் முன்னோர் 'தீவாந்தரம்' என்றனர். 'தீவாந்தர சிட்சை' என்ற சொல்லைச் சிறுவயதில் பெரியவர்கள் உச்சரிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். தூக்குத் தண்டனையைக்கூட அவர்கள் அவ்வளவு தாழ்ந்த குரலில் சொன்னதில்லை.

அபர்தீன் கடைவீதியில் தமிழ் கேட்காத இடமே இல்லை. தேநீர்க் கடையில் தமிழ், காய்கறிக் கடையில் தமிழ், ஆட்டோ ஓட்டுநரிடமும் தமிழ். அவ்வீதியிலிருந்து மேடேறிச் சென்றால் கடலைப் பார்த்த முனையொன்றில் சிறை நிற்கிறது. 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்திருக்கின்றனர். செங்கற்கள் பர்மாவிலிருந்து வந்தவை. நடுவே ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் ஏழு சிறகுகள். ஒவ்வொன்றும் மூன்று தளம். மொத்தம் எழுநூற்றை ஒட்டிய கொட்டடிகள். ஒரு கொட்டடியில் ஒருவரே. பலரைச் சேர்த்துப் பூட்டும் பெரிய கூடங்களே அங்கு இல்லை. 'செல்லுலார்' என்னும் பெயருக்கே அதுதான் காரணம்.

கட்டட அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு சிறகின் கொட்டடி வாயில்கள் அடுத்த சிறகின் முதுகையே பார்க்கின்றன. எவரும் எவருடைய முகத்தையும் காண இயலாது. ஆனால் கோபுரத்தில் நிற்பவன் எல்லாத் தாழ்வாரங்களையும் கண்காணிக்கலாம். குறைந்த ஆட்களைக் கொண்டு நிறைந்த மனிதர்களை அடக்குவதற்கு வரைந்த படம் அது. நல்ல பொறியாளர் ஒருவர் நன்கு சிந்தித்துத்தான் வரைந்திருக்க வேண்டும். அந்த எண்ணமே எனக்கு அச்சமூட்டியது.

ஏழு சிறகுகளில் இன்று எஞ்சியவை மூன்றே. 1941 ஜூனில் நேர்ந்த நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்தது. 1942 மார்ச்சில் தீவைக் கைப்பற்றிய ஜப்பானியர் சிலவற்றை இடித்தனர். விடுதலைக்குப் பின் நம்மவர்களும் இடித்தனர். சிறை வளாகத்திலேயே 1963இல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை எழுந்தது. முழுவதையும் இடித்துவிடாமல் காத்தவர்கள் அங்கே தண்டனை அனுபவித்து மீண்ட முதியவர்களே. அவர்களின் இடைவிடாத முயற்சியால், 1979 பிப்ரவரி 11ஆம் நாள் அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாய் அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். தம்மை வதைத்த சுவர்களை இடிக்க வேண்டாமென அவர்களே மன்றாடினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நுழைவாயிலின் இருபுறமும் காட்சிக்கூடங்கள். கைதிகள் அணிந்த சாக்குத் துணி உடை, கழுத்து வளையம், கால்களை அகற்றியே வைக்கும் குறுக்கு விலங்கு, கசையடிக்கு உடலைக் கட்டிவைக்கும் முக்காலிச் சட்டம் ஆகியவை வரிசையாக உள்ளன. முற்றத்தைக் கடந்தால் வேலைக்கொட்டகை. அங்கே ஒரு செக்கு. நுகத்தடியில் மாட்டுக்குப் பதிலாக மனித உருவம்.

இவ்விடத்தில் என் மாணவர்களிடம் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வ.உ.சிதம்பரனாரைப் பற்றி இக்கல்லூரியில் எத்தனை வகுப்புகள் எடுத்திருப்பேன்! 1908இல் அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் சேர்த்து நாற்பது ஆண்டு என்று தீர்ப்பளித்ததையும், அது தீவாந்தர தண்டனை என்பதையும், மேல்முறையீட்டில் தண்டனை குறைந்ததால் அவர் அந்தமானுக்குச் செல்லாமல் கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து 1912 டிசம்பரில் வெளிவந்ததையும் சொல்லியிருக்கிறேன். 'செக்கிழுத்த செம்மல்' என்று கரும்பலகையில் எழுதி, "மோனை நயத்தைக் கவனியுங்கள்" என்றும் சொல்லியிருக்கிறேன். அந்த மோனையைத் தாண்டி அச்செக்கை நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

அந்தமான் சிறையில் தேங்காயெண்ணெய் என்றால் ஒரு கைதி நாளொன்றுக்கு 30 பவுண்டு எடுக்க வேண்டும். கடுகெண்ணெய் என்றால் 10 பவுண்டு. முப்பது பவுண்டு என்பது பதின்மூன்றரை கிலோவுக்கும் மேல். எங்கள் ஊரில் என் சிறுவயதில் செக்கு ஒன்று இருந்தது. செக்குக்காரர் ஒரே மாட்டை நாள் முழுவதும் கட்ட மாட்டார். நண்பகலில் அதை அவிழ்த்து, கழுத்தைத் தடவிக் கொடுத்து, தண்ணீர் காட்டி, மாற்று மாட்டைக் கட்டுவார். கேட்டால், "வாயில்லாத சீவன் தம்பி" என்பார். இங்கே அளவு குறைந்தால் கசையடி. நிற்கவைத்துக் கையில் விலங்கு. வாயுள்ளவர்கள், அதிலும் பட்டம் பெற்றவர்கள், நூலெழுதியவர்கள் அந்த நுகத்தடியைத் தள்ளினார்கள். வங்கத்து இந்துபூஷண் ராய் இத்தகைய கொடுமைகளைத் தாளாமல் 1912இல் தம் கொட்டடியிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். உல்லாஸ்கர் தத் சித்தம் கலங்கினார்.

பின்னர் வந்த தலைமுறையினர் உண்ணாநோன்பு இருந்தனர். 1933 மே மாதத்தில் மூவர் இறந்தனர்: லாகூர் வழக்கில் தண்டனை பெற்ற மகாவீர் சிங், வங்காளத்தவர்களான மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா. ஆட்களை வைத்து அழுத்திப் பிடித்து, மூக்கு வழியே குழாயைச் செலுத்திப் பாலூட்டியதன் விளைவு அது. 1937இல் மீண்டும் பெரும் உண்ணாநோன்பு. காந்தியடிகளும் தாகூரும் தலையிட, 1938 தொடக்கத்திற்குள் அரசியல் கைதிகள் அனைவரையும் தாயகச் சிறைகளுக்குத் திருப்பியனுப்பினர். சிறையின் கதை அத்துடன் முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஜப்பானியர் காலத்தில் அதே கொட்டடிகளில் உள்ளூர் மக்களையே அடைத்தனர். மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் சித்திரவதைக்குள்ளாகி 1944 ஜனவரியில் அங்கேயே இறந்தார். அதற்கு இரண்டு வாரத்திற்கு முன்புதான், 1943 டிசம்பர் இறுதியில், நேதாஜி அத்தீவுக்கு வந்து கொடியேற்றிச் சென்றார். சிறைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை ஜப்பானியர் அவரிடம் மறைத்துவிட்டதாகப் பலர் எழுதியிருக்கின்றனர்.

நடுக்கோபுரத்தில் ஏறினோம். உட்சுவர்களில் பளிங்குப் பலகைகள். அவற்றில் மாகாணவாரியாகக் கைதிகளின் பெயர்கள். வங்காளத்துப் பெயர்களே மிகப் பெரும்பான்மை. எனக்கு முன்னால் முதிய வங்காளத் தம்பதியர் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தனர். கண்டுபிடித்ததும் அம்மூதாட்டி விரலால் அதைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்கள் குடும்பத்தில் யாரேனும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை" என்றேன். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அக்கேள்வியை நான் முதன்முறையாகக் கேட்கவில்லை.

1965ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர்ப் பள்ளியில் விடுதலை நாள் விழா. கொடியேற்றியபின் தலைமையாசிரியர், "நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றவர்கள் உங்களில் எவர் குடும்பத்திலாவது உண்டா? இருந்தால் எழுந்து நில்லுங்கள்" என்றார். இரண்டு பிள்ளைகள் எழுந்தனர். மூன்றாவதாக நானும் எழுந்தேன். "எங்கள் அப்பா சிறையில் இருந்தார்கள்" என்றேன். எங்கள் ஊர் வழக்கில் தந்தையை 'வாப்பா' என்றும், பாட்டனாரை 'அப்பா' என்றும் அழைப்போம். "எத்தனை ஆண்டு?" என்றார் தலைமையாசிரியர். "இருபத்தைந்து" என்றேன். அரங்கமே வியந்தது. எனக்கு ஒரு மைப்பேனாவைப் பரிசளித்தார்.

நான் சொன்ன எண்ணில் தவறில்லை. என் பாட்டனார் சென்னை மாகாணத்துச் சிறை ஒன்றில் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தார். வார்டராக இருந்தார்.

பேனாவை வீட்டில் காட்டினேன். வாப்பா கடையில் இருந்தார். பாட்டனார் திண்ணையில் அமர்ந்திருந்தார். பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, முனையைப் பார்த்து, மீண்டும் மூடினார். எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "கதவுக்கு எந்தப் பக்கம்னு உங்க சார் கேட்கலையா?" என்றார். பேனாவை என் சட்டைப்பையில் அவரே செருகிவிட்டார். அதன்பின் ஏழாண்டுகள் உயிருடன் இருந்தார். அதைப்பற்றி ஒருமுறையும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்தப் பேனாவால் பள்ளியிறுதித் தேர்வுவரை எழுதினேன்.

அவர் கொடியவரா, நல்லவரா என்று என்னால் சொல்ல இயலாது. எங்களுக்கு அவர் நல்லவர். ஏழைக் குடும்பம், தந்தையில்லாதவர், நான்கு தங்கையர், மாதச் சம்பளம் வரும் வேலை. உப்புச் சத்தியாக்கிரகக் காலத்திலும் 1942 போராட்டத்தின்போதும் அவர் பணியில் இருந்தார் என்பதை ஆண்டுகளைக் கணக்கிட்டு நானாக அறிந்தேன். அக்காலங்களில் அவர் எவரெவருக்குக் கதவைப் பூட்டினார், எவர்மீது தடியை ஓங்கினார், எவருக்கு ஒளித்து ஒரு பீடியாவது கொடுத்தார் என்பதெல்லாம் அவரோடு மண்ணில் அடங்கிவிட்டன. எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் இரவில் தெருக்கதவைத் தாழிடும் வேலையை அவர் ஒருநாளும் செய்ய மாட்டார். பாட்டியாரோ வாப்பாவோதான் தாழிடுவர். சிறுவயதில் அதை முதுமைச் சோம்பல் என எண்ணினேன்.

இதனால்தான் அந்தமான் செல்லுமுன் நூலகத்தில் நூல்களைத் தேடிப் படித்தபோது என் கண்கள் வேறொருவரைத் தேடின. பாரீந்திரகுமார் கோஷ், சாவர்க்கர் ஆகியோரின் சிறை நினைவுகள் இரண்டிலும் பட்டாணிய வார்டர்களும் பெட்டி ஆபீசர்களும் மிகக் கடுமையானவர்களாக வருகிறார்கள். ஒரு முஸ்லிமாக அப்பக்கங்களைப் படிப்பது எளிதன்று. இது நம் மலர்; நமக்குள் மறைப்பானேன்? அவற்றைப் பொய் என்று தள்ளுவோரும் நம்மிடம் உண்டு. அவற்றையே பிடித்துக்கொண்டு ஒரு சமூகத்தையே ஏசுவோரும் வெளியில் உண்டு. எனக்கு இரண்டும் ஏற்புடையவை அல்ல. அடிபட்டவன் சொல்வதை முதலில் கேட்க வேண்டும். அதே வேளையில், அந்தப் பெட்டி ஆபீசர்களும் கைதிகளே என்பதையும் கேட்க வேண்டும். கொலை, கொள்ளை வழக்குகளில் நீண்ட தண்டனை பெற்று வந்தவர்களுள் சிலரைத் தேர்ந்து, இடுப்பில் ஒரு வார்ப்பட்டையும் மார்பில் ஒரு வில்லையும் கொடுத்து, மற்றக் கைதிகளின்மேல் ஏவினார்கள். அரசியல் கைதிகளுள் பெரும்பாலோர் இந்துக்களாக இருந்தமையால் காவலுக்கு வேற்று மதத்தாரைப் பொறுக்கி வைத்தார்கள். ஜெயிலர் டேவிட் பாரி தம் கையால் அடிக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழவில்லை. எழுநூறு கொட்டடிகளையும் ஒரு சில வெள்ளையர் காவல் காத்தனர் என்றால், சாவிக்கொத்தைப் பிடித்திருந்த கைகள் யாருடையவை? நம் கைகளே. இந்துவின் கை, முஸ்லிமின் கை, பர்மியனின் கை.

பளிங்குப் பலகைகளில் வார்டர்களின் பெயர்கள் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அது தகாது. எனினும், காட்சிக்கூடத்தின் ஒரு மூலையிலாவது, சாதாரணக் குடும்பத்து மனிதர்களைக் கொண்டே இச்சிறை எவ்வாறு இயங்கிற்று என்பதை விளக்கும் பலகை ஒன்று இருந்திருக்கலாம். அத்தகைய பலகையின் முன் நானும் சற்று நேரம் நின்றிருப்பேன். அந்த மூதாட்டி விரலை ஒற்றிக்கொண்டதுபோல் எனக்கு ஒற்றிக்கொள்ள ஏதுமில்லை.

மூன்றாம் தளத்தின் கோடியில் சாவர்க்கர் இருந்த கொட்டடி. கூட்டம் அங்கேதான் நெரிகிறது. அவருடைய தமையனாரும் அதே சிறையில் இருந்தார். நெடுங்காலம் ஒருவரையொருவர் காணவும் இயலவில்லை. அவரைப் பற்றிய வாதங்கள் இன்றும் ஓயவில்லை. அவை இக்கட்டுரைக்குப் புறம்பானவை. நாங்கள் கூட்டத்தைத் தவிர்த்து, அதே தாழ்வாரத்தில் வேறொரு கொட்டடியினுள் நுழைந்தோம். பதின்மூன்றரை அடி நீளம், ஏழடி அகலம். எட்டாத உயரத்தில் ஒரு சிறிய சாளரம். அதில் ஒரு துண்டு வானம். கடல் மிக அருகில் இருந்தும் அதைக் காண வழியில்லை. அலையோசை மட்டும் வருகிறது. 1996இல் வெளிவந்த 'சிறைச்சாலை' படத்தில் இவ்விடத்தைக் கண்டவர்கள் உங்களுள் பலர் இருக்கலாம். படத்தில் கொட்டடி பெரிதாகத் தெரிந்தது.

கதவின் தாழ்ப்பாளைப் பற்றி வழிகாட்டி ஒருவர் வேறொரு குழுவினருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நீண்ட இரும்புத் தண்டு. அது கதவோடு முடியாமல் வெளிச்சுவரில் குடைந்த குழிக்குள் சென்று அமர்கிறது. பூட்டு அக்குழிக்குள். உள்ளிருப்பவன் கம்பிக்கிடையே எவ்வளவுதான் கையை நீட்டினாலும் பூட்டை எட்ட முடியாது. சாவியே அவன் கையில் இருந்தாலும் பயனில்லை. சுற்றுலாப் பயணிகள் வியந்து தலையசைத்தனர்.

என் பேத்திக்கும் அப்போது வயது பத்து. அவள் கொட்டடிக்குள் ஓடி, "அப்பா, நீங்க வெளியிலேர்ந்து கதவைச் சாத்துங்க. நான் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன். வாப்பா படம் எடுக்கட்டும்" என்றாள். சுற்றிலும் எல்லாரும் அவ்வாறுதான் படமெடுத்துக்கொண்டிருந்தனர். அதில் தவறு காண நான் யார்? குழந்தைகள் விளையாடும் இடமாகச் சிறை மாறிவிட்டது என்பது நல்ல செய்திதானே. "சாத்துங்க மாமா" என்று மருமகனும் கைப்பேசியை உயர்த்தினார்.

கதவைச் சாத்தினேன். கனத்த கதவு, ஆனால் எளிதாக அசைந்தது. தண்டின் பிடியில் கை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. சற்றே தள்ளினேன், இரும்பில் இரும்பு உராயும் ஓசை எழுந்தது. உள்ளே பேத்தி முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள முயன்று, முடியாமல் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் கதவைத் திறந்துவிட்டபின் என் கை நடுங்கியதை மருமகன் கண்டு, வெயிலின் களைப்பு என எண்ணி, இளநீர் வாங்கி வருவதற்காகக் கீழே இறங்கினார். பேத்தி என்னிடம், "யாரு அப்பா தினமும் இதைப் பூட்டுவாங்க? வெள்ளைக்காரங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். "நம்மைப் போன்றவர்கள்தாம். என்னுடைய அப்பாவும் ஒரு ஜெயிலில் அந்த வேலைதான் பார்த்தார்கள்."

என் வாயிலிருந்து அது வெளிவந்துவிட்டது. அவள் சற்று யோசித்தாள். "அவங்களுக்கு அது பிடிச்சிச்சா?" என்றாள். தெரியாது என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. மொட்டைமாடிக்குப் போகலாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

மாடியிலிருந்து பார்த்தால் கடலும் எதிர்க்கரையும் அழகு. பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாளில் அச்சிட்டிருந்த கலங்கரை விளக்கக் காட்சி அந்தக் கரையைச் சேர்ந்ததுதான். மாலையில் நடைபெறும் ஒலி-ஒளிக் காட்சிக்கு நாங்கள் தங்கவில்லை.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. அத்தீவில் அடங்கியிருக்கும் வேறு சிலரை எண்ணிக்கொண்டிருந்தேன். செல்லுலார் சிறை எழுவதற்கு நாற்பதாண்டு முன்பே, 1858 மார்ச்சில், முதற்சுதந்திரப் போரின் கைதிகளை ஆங்கிலேயர் அங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டனர். அப்போது சுவரே தேவைப்படவில்லை, கடலே சுவர். பேரறிஞர் ஃபழ்லே ஹக் கைராபாதி அங்கே 1861இல் மறைந்து அங்கேயே அடக்கமானார். அவர் அந்நாடுகடத்தலில் இருந்தவாறே தம் காலத்துப் போராட்டத்தைப் பற்றி அரபு மொழியில் எழுதினார். இவரோடு இருந்த முஃப்தி இனாயத் அஹ்மத் காகோரவியின் செய்தி, இலக்கணம் கற்பித்துப் பிழைத்த என்னை மிகவும் தொட்டது. அவரும் தீவாந்தரக் கைதி. கையில் ஒரு நூலும் இல்லாத நிலையில், நினைவாற்றல் ஒன்றையே துணையாகக் கொண்டு, அரபு வினைச்சொற்களின் வடிவ இலக்கணத்தை விளக்கும் 'இல்முஸ் ஸீகா' என்னும் நூலை அங்கே எழுதினார். நமக்கு நன்னூல் எப்படியோ அப்படி, இன்றும் இத்துணைக்கண்டத்து மதரஸாக்களில் மாணவர்கள் ஓதும் பாடநூல் அது. வடநாட்டில் ஓதிவந்த என் தாய்மாமாவிடம் அந்நூலின் பழுப்பேறிய படி ஒன்று இருந்தது. அதை அவர் மனப்பாடமாகச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தேன். அது எங்கிருந்து எழுந்த நூல் என்பதை அறிந்தது அண்மையில்தான். ஒரே வீட்டில், ஒரு திண்ணையில் வார்டர் ஒருவர்; உள்ளறையில் ஒரு கைதியின் இலக்கணத்தை உருப்போடும் ஆலிம் ஒருவர். இருவரும் ஒரே தட்டில் உண்டார்கள்.

மறுநாள் மருமகன் எங்களை வண்டியில் அழைத்துக்கொண்டு தீவின் உட்பகுதிக்குச் சென்றார். வழியில் ஊர்ப்பெயர்ப் பலகைகள்: மண்ணார்க்காடு, திரூர், வண்டூர், மஞ்சேரி. 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் அந்தமானுக்கு அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமார்கள், விடுதலையானபின் பலர் ஊர் திரும்பாமல் அங்கேயே நிலம் திருத்திக் குடியேறி, தம் ஊர்ப் பெயர்களை அம்மண்ணுக்கு இட்டுக்கொண்டனர். சாலையோரப் பள்ளிவாசல் ஒன்றில் லுஹர் தொழுதோம். அருகில் நின்ற பெரியவர் மலையாளமும் இந்துஸ்தானியும் கலந்த மொழியில் நலம் விசாரித்தார். அவருடைய பாட்டனார் கைதியாக வந்தவராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தோன்றிய பெருமிதத்தைக் கண்டேன். "உங்கள் பாட்டனார்?" என்றார். பேத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சிறையில் வார்டர்" என்றேன்.

பெரியவர் கலங்கவுமில்லை, விலகவுமில்லை. "அவர்களுக்கும் துஆ செய்வோம்" என்று கூறி, கையை உயர்த்தினார். நாங்களும் உயர்த்தினோம். பிறகு தம் தோட்டத்துப் பாக்கு ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார். விமானத்தில் அதற்குத் தடை சொல்வார்களோ என்று என் துணைவியார் வழிநெடுகக் கவலைப்பட்டுக்கொண்டே வந்தார்.

இக்கட்டுரையுடன் வெளியிடப் படம் ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டனர். சிறையின் முழுத் தோற்றம் தெரியும் படங்கள் என்னிடம் இரண்டு உண்டு. எனினும் மருமகன் அன்று எடுத்ததையே கொடுத்திருக்கிறேன். கம்பிக்குப் பின்னால் சிரிப்பவள் என் பேத்தி. படத்தின் வலப்பக்க ஓரத்தில், தாழ்ப்பாளின் மேல் ஒரு கை மட்டும் தெரியும். அதை வெட்டிவிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்டேன்.